இடமிருந்து மூன்றாவது முதுகு

யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம் வந்துவிட்டால் போதும், மனிதன் உண்மையை எழுத ஆரம்பித்துவிடுவான். பஸ் இருக்கையின் முதுகில் எழுதியிருப்பதைப் பாருங்கள், பரீட்சைத் தாளின் கடைசிப் பக்கத்தில் பையன்கள் எழுதுவதைப் பாருங்கள். நானும் அந்த ரகம்தான். முப்பத்தைந்து வயதில், ஒரு பொருளாதாரப் பேராசிரியன் என்ற ஹோதாவில் (நியமன உத்தரவில் உதவிப் பேராசிரியர், சொந்தக்காரர்களிடம் பேராசிரியர்), யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பி நாற்பது உண்மைகளை எழுதி வைத்தேன். அவற்றில் நான்கு, எங்கள் கல்லூரி ஒலிபெருக்கியில், சென்னையிலிருந்து வந்திருந்த குழுவின் முன்னால், வாசல் டீக்கடை வரைக்கும் கேட்கும்படி வாசிக்கப்பட்டன. மீதி முப்பத்தாறு தப்பித்ததற்காக இலஞ்சி முருகனுக்கு வருஷம் தவறாமல் அர்ச்சனை செய்துவருகிறேன்.

நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒருநாள் எங்கள் கல்லூரி முதல்வர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஆறடி உயரம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சிரிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தது போல ஒரு முகம். அவர் அறைக்குள் போனால் மின்விசிறிகூடச் சத்தம் போடாமல் சுற்றும்.

“வே முத்தையா, எல்லாக் காலேஜ்லயும் ஆன்லைன் கோர்ஸ் போடுதாவ. நாம மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கு? பொருளாதாரத்துல ஒண்ணு போடும். கண்ணு தெரியாத பிள்ளைக, காது கேக்காத பிள்ளைக, வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிற பிள்ளைக, எல்லாத்துக்கும் தோதா இருக்கணுமாம். அப்பந்தான் அனுமதி குடுப்பாவளாம்.”

“எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்.”

“உமக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? என் போன்ல எழுத்தப் பெருசாக்கிக் குடுத்தது யாரு?”

இப்படியாக, ஒரு போனில் எழுத்தைப் பெரிதாக்கிய ஒரே தகுதியில் நான் இணையவழிப் பாட வடிவமைப்பாளன் ஆனேன். அதற்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சி உண்டு. அதுவும் இணையத்திலேயே.

முதல் நாள் பழியாகக் கிடந்து கேட்டேன். வீடியோவுக்குக் கீழே எழுத்து ஓட வேண்டும், வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்துப் போடக் கூடாது, பதில் எழுத நேரக் கெடு வைத்து நெருக்கக் கூடாது என்று எட்டுப் பக்கம் குறிப்பெடுத்தேன். இரண்டாம் நாள் காலையில் சாரல் விழுந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். சாரல் விழுந்து, மேற்கே மலை மறைந்து, காற்றில் ஈரம் அடித்தால், தென்காசிக்காரனுடைய கால் அவனைக் கேட்காமலே குற்றாலத்துக்குப் புறப்பட்டுவிடும். போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காதில் வயரைச் செருகிக்கொண்டு நானும் கிளம்பினேன். பயிற்சியும் நடக்கும், குளியலும் நடக்கும் என்று கணக்கு.

எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி, “காதுல என்னத்த மாட்டிருக்கீரு? எடும், எண்ண எறங்கணும்லா,” என்று சொல்லி வயரைப் பிடுங்கி என் மடியில் போட்டார். அதற்கப்புறம் அருவி. திரும்பி வந்து துவட்டிக்கொண்டு காதில் மாட்டியபோது பயிற்சி முடியும் நேரம். “ஆகவே, படத்துக்கான கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள்” என்ற கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. அது போதாதா என்று நினைத்துக்கொண்டேன். (எனக்கு அந்த வயதில் எதுவுமே போதும் போதும் என்றுதான் இருந்தது, சம்பளத்தைத் தவிர.)

அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் ஒரு படம் சேர்த்தால், அதன் பின்னால் ஒரு சின்னக் கட்டம் திறக்கும். படத்தில் என்ன இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். எழுதியது திரையில் தெரியாது. கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு விளக்கு, நிரம்பினால் பச்சை டிக். “படம்” என்று ஒரு வார்த்தை போட்டேன். சிவப்பு போகவில்லை, “இன்னும் விளக்கமாக” என்றது. யார் படிக்கப்போகிறார்கள், இந்த மென்பொருள் ஒன்றுதானே, அதற்கென்ன தமிழா தெரியும் என்று நினைத்தேன். இந்தக் கட்டம் யாருக்காக என்பதைத்தான் அந்த இரண்டாம் நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போது ஐந்தருவியில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசிப் பாடத்திலிருந்து தொடங்கி, முதல் ஐந்தாறு படத்துக்கு யோக்கியமாக எழுதினேன். ஏழாவதில் அலுத்துவிட்டது. எட்டாவதிலிருந்து கை தன் இஷ்டத்துக்குப் போனது. மனதில் பட்டதை எல்லாம் எழுதினேன். பச்சை டிக் வந்துகொண்டே இருந்தது. வாழ்க்கையில் உண்மை பேசி எனக்குப் பாராட்டுக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

என் மனைவி செல்வி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்ன ஒரேயடியாச் சிரிச்சுக்கிட்டே எழுதுதீய? பொருளாதாரத்துல சிரிக்க என்ன இருக்கு?”

“இது யாரும் பாக்க மாட்டாவட்டீ.”

“யாரும் பாக்காததுக்கா இவ்வளவு நேரம்?” என்றாள். அவள் கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

நாற்பத்தேழு படத்துக்கும் பச்சை. “அனைவரும் அணுகக்கூடிய பாடம், நூற்றுக்கு நூறு” என்று மென்பொருள் சான்று கொடுத்தது. முதல்வர் அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். நான் ஒரு மாதம் அந்தப் பலகை வழியாகத்தான் வகுப்புக்குப் போனேன், அது சுற்று வழியாக இருந்தாலும்.

பாடத்தில் சேர்ந்தவர்களில் மைதீன் பாத்திமா என்று ஒரு மாணவி. பிறவியிலேயே பார்வை கிடையாது. வாப்பா சவுதியில். போனிலிருக்கும் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் செயலி, அதை வைத்துத்தான் படித்தாள். அது வாசிக்கிற வேகத்தில் நமக்கு ஒரு எழுத்துப் புரியாது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவர்களோடு வம்பளப்பாள்.

ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். “சார், ரெண்டாவது பாடத்துல ஒரு கேள்வி வருதுல்லா, ரம்புட்டான் விலை. மூணு தடவ எழுதிட்டேன். மூணு தடவையும் பூஜ்யம். அது பாஸாகலன்னா அடுத்த பாடம் தொறக்க மாட்டேங்குது.”

“படத்தப் பாத்தா பதில் தெரியுமேம்மா,” என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவள் கோபிக்கவில்லை. “பாத்தா தெரியும் சார். அதாம் பிரச்சினையே,” என்றாள்.

சமாளிக்க வேண்டுமே. “எல்லாத்துக்கும் விளக்கம் எழுதிருக்கேன். நூத்துக்கு நூறு வாங்கிருக்கு. நல்லாக் கவனிச்சுக் கேளு.”

“கேட்டேன் சார். நல்லாத்தான் இருக்கு,” என்றாள். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள். “இந்தப் பேப்பர் ஒண்ணுதான் சார் பாக்கி. இது போச்சுன்னா ஒரு வருசம் போச்சு. மேல படிக்க வைக்கதா வேண்டாமான்னு வீட்ல இப்பமே பேச்சு நடக்கு. வாப்பா போன் போடும்போதெல்லாம் ‘என்ன ஆச்சு’ன்னு கேக்காவ.”

“படிக்காம பூஜ்யம் வாங்கிட்டு மென்பொருளக் குத்தம் சொல்லக் கூடாதும்மா,” என்று ஒரு அறிவுரையும் கொடுத்து அனுப்பினேன். இந்த ஒரு வரியை மட்டும் இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

அனுமதி கொடுக்கும் குழு சென்னையிலிருந்து வந்தது. மூன்று பேர், தலைமை ஒரு அம்மா. மெலிந்த தேகம், தடித்த கண்ணாடி, கையில் பேனா. முதல்வர் என் காதில், “நம்ம பாத்திமாவ வச்சே செஞ்சு காட்டிருவோம் வே. அனுமதி கைல வந்த மாதிரிதான்,” என்றார். நானும் தலையாட்டினேன்.

கூட்ட அறையில் ஐம்பது பேர். பாத்திமாவின் போனைத் திரையோடும் ஒலிபெருக்கியோடும் இணைத்தோம். எங்கள் ஒலிபெருக்கிக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே பேசினால் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் போடுகிற வெளிக் குழாய்களிலும் கேட்கும். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானம் போடுவோம்.

“எந்தப் பாடம் சார் போட?” என்று பாத்திமா கேட்டாள்.

“எத வேணும்னாலும் போடும்மா. எல்லாம் ஒண்ணுபோலத்தான்,” என்றேன், குழுவின் காதில் விழும்படி.

“ரெண்டாவது பாடம் போடுதேன். ஆனா மொதல்ல இருந்து வரிசையாத்தான் போவ முடியும். தாண்டிப் போக வழி வைக்கல. உங்களுக்காக மெதுவா வைக்கேன்.”

அந்த இயந்திரக் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது, வெட்கம் கிடையாது, தாட்சண்யம் கிடையாது. ரயில் நிலையத்தில் செங்கோட்டை வண்டி தாமதம் என்று சொல்வது போலத்தான் எதையும் சொல்லும். முதல் பக்கம், முதல்வரின் வாழ்த்துரை. திரையில் அவருடைய புகைப்படம்.

“படம். முதல்வர். சிரிக்க முயற்சி செய்கிறார். இது பதினாறாவது முயற்சி. முந்தைய பதினைந்தும் இதைவிட மோசம்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். முதல்வர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அந்த விநாடியில்தான், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஐந்தருவியில் நான் தவறவிட்ட பாடம் முழுவதும் ஒரே மூச்சில் விளங்கியது. அந்தக் கட்டத்தைப் படிக்க ஆள் இருந்திருக்கிறது. அதோ, முன்வரிசையில், அமைதியாக விரலை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது இலவசப் பொருள்கள். காற்று, தண்ணீர் மாதிரி விலையில்லாதவை. இதற்கு ஆசிரியர் சுற்றுலாவில் நான் எடுத்த ஒரு படத்தைப் போட்டிருந்தேன். அருவிக்கு அடியில் ஏழெட்டுப் பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். முகமே தெரியாது, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

“படம். ஐந்தருவியில் குளிக்கும் கூட்டம். இடமிருந்து மூன்றாவது முதுகு நம் முதல்வருடையது. வெளியே சொல்ல வேண்டாம்.”

சொல்லிவிட்டது. கூட்ட அறைக்கும், வராந்தாவுக்கும், சைக்கிள் கொட்டகைக்கும், டீக்கடைக்கும் சொல்லிவிட்டது. ஐம்பது ஜோடிக் கண்களும் இடமிருந்து எண்ண ஆரம்பித்தன. ஒருவர் விரலை விட்டே எண்ணினார். பார்வை உள்ள யாருக்கும் தெரியாத இந்த ரகசியம், பாத்திமாவுக்கு மட்டும் ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ஆசிரியர் அறையில் அவள் சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

நான் எழுந்தேன். “ஏதோ மின்கோளாறு,” என்று உளறிக்கொண்டே ஓடி, மேஜைக்கு அடியில் குனிந்து, கையில் அகப்பட்ட வயரைப் பிடுங்கினேன். அது திரையில் படம் காட்டும் புரொஜெக்டரின் வயர். திரை இருண்டது. குரல் நிற்கவில்லை.

“படம். ஐந்து தோசைகள். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஒவ்வொரு தோசைக்கும் திருப்தி குறையும். என் மனைவி சுட்டால் முதல் தோசையிலேயே குறைந்துவிடும்.”

அடுத்த வயரைத் தேடிக் கை நீட்டினேன். “இருங்க சார்,” என்றார் குழுத் தலைவி. “நல்லது பண்ணுனீங்க. படம் வேண்டாம். இந்தப் பொண்ணு கேக்குற மாதிரியே நாங்களும் கேக்குறோம். நீங்க உக்காருங்க.”

இருட்டுத் திரை முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பாத்திமா விரலை நகர்த்தினாள். இரண்டாவது பாடம், ரம்புட்டான் பழத்தின் தேவைக் கோடும் அளிப்புக் கோடும்.

“படம். ஒரு கோடு இறங்குது. ஒரு கோடு ஏறுது. நடுவில் முட்டுது. இதுக்கு மேல என்னத்தச் சொல்ல. கேள்வி ஒன்று. மேற்கண்ட படத்தின்படி, சமநிலை விலை எவ்வளவு? உங்கள் விடையைத் தட்டச்சு செய்யவும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. குழுத் தலைவி அறையைச் சுற்றிப் பார்த்தார். “பொருளாதாரத் துறையில எத்தனை பேர் இருக்கீங்க? யாராவது பதில் சொல்லுங்க.”

ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் தரையைப் பார்த்தோம். “கேள்வி எழுதினவர் சொல்லலாமே,” என்றார். எனக்கே ஞாபகம் இல்லை. படத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன். திரைதான் இருட்டாக இருந்ததே.

“இதுக்குத்தான் சார் மூணு தடவ பூஜ்யம்,” என்றாள் பாத்திமா. குரலில் குற்றச்சாட்டு இல்லை, தகவல் சொல்கிற தொனிதான். அந்த இயந்திரக் குரலைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

முதல்வர் முதுகுக்கும் செல்வி தோசைக்கும் நான் பட்டது அவமானம். இது வேறு. அவளுக்கு நான் வம்பு எல்லாம் சொல்லியிருந்தேன், பாடத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லாததைக் கேள்வியாகக் கேட்டுவிட்டு, படிக்கவில்லை என்று அறிவுரையும் கொடுத்திருந்தேன். எழுந்து நின்று, ஐம்பது பேர் முன்னால், “தப்பு என்னோடதும்மா,” என்றேன். அதுவும் குழாயில் கேட்டிருக்கும்.

அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் குழுத் தலைவி மூன்று வாரம் தவணை கொடுத்தார். நாற்பத்தேழு கட்டத்தையும் திருப்பி எழுத வேண்டும், ஒவ்வொன்றையும் பாத்திமா கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும், அவளுடைய மூன்று பூஜ்யமும் செல்லாது. கிளம்பும்போது என்னிடம், “சார், முதல் படத்தோட விளக்கம் சரியாத்தான் இருந்தது,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பாத்திமாவிடம் ‘சரி’ வாங்குவதற்குப் பதிலாக நான் இன்னொரு முனைவர் பட்டம் வாங்கியிருக்கலாம். “அழகான அருவி” என்று எழுதிக் கொண்டுபோனேன். “அழகுன்னா என்ன சார், அகலமா உயரமா?” என்றாள். “பல வண்ண வரைபடம்” என்று எழுதினேன். “வண்ணத்த வச்சு நான் என்ன செய்ய? விலையச் சொல்லுங்க,” என்றாள். ரம்புட்டான் கோட்டை ஏழு தடவை எழுதினேன். கிலோ இந்த விலை என்றால் வாங்குகிறவர்கள் கேட்பது இவ்வளவு, கடைக்காரர் கொண்டுவருவது இவ்வளவு, விலை ஏறினால் இது குறையும் அது கூடும், இரண்டும் சமமாவது இந்த இடத்தில் என்று படிப்படியாக எழுதிய பிறகு, “இப்பம் கோடு தெரியுது சார்,” என்றாள். பத்து வருஷமாகப் பலகையில் வரைந்த அந்தக் கோட்டை நானும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். பார்வையுள்ள பையன்களில் பாதிப் பேர், விளக்கம் வந்த பிறகுதான் எங்களுக்கும் புரிந்தது என்று நைசாக வந்து சொன்னார்கள்.

மறுதேர்வில் அவளுக்குப் பத்துக்கு ஒன்பது. போன அந்த ஒன்றும், தேடிப் பார்த்தால், விடைக்குறிப்பில் நான் செய்த பிழை. அதையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். பத்தாக்கினேன். சவுதியிலிருந்து அவள் வாப்பா போன் செய்து எனக்கு நன்றி சொன்னார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. பாடத்துக்கும் அனுமதி வந்தது.

குழு வந்துபோன பிறகு முதல்வர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஆள் அனுப்பினார். ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் அந்த அருவிப் படம் பெரிதாக அச்செடுத்து விரித்துக் கிடந்தது.

“வே, நீரு என்ன எழுதுனீரு?”

“மன்னிச்சிருங்க சார். எடுத்துட்டேன் சார்.”

“அதக் கேக்கல. மூணாவது முதுகுன்னுல்லா எழுதுனீரு?” படத்தின் மேல் விரலை வைத்தார். “மூணாவது யாரோ ஒரு ஆளு. கொஞ்சம் சதை போட்டவன். நான் நாலாவது. எழுதுததச் சரியா எழுதும்.”

அப்போது அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. பதினாறு முயற்சியில் கிடைக்காத அந்தச் சிரிப்புதான். அதைப் படம் பிடிக்க என் கையில் அன்றைக்குப் போன் இல்லை.

வீட்டுக் கதையும் சொல்லிவிட வேண்டும். தோசை விஷயம் டீக்கடை வழியாக நான் போவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் செல்வி அந்த இயந்திரக் குரலிலேயே சொன்னாள்: “படம். ஒரு தோசை. இதுவே முதலும் கடைசியும். திருப்தி குறைய வாய்ப்பில்லை.” அன்று தொடங்கியது இன்றுவரை ஓயவில்லை. நான் வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தால், “படம். மாப்பிள்ளை என்று நினைப்பு” என்பாள். என் மகள் அவள் சிநேகிதிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துவதே, “படம். அப்பா,” என்று தொடங்கித்தான்.

பாத்திமா இப்போது கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. செல்விக்கும் அவளுக்கும் அப்படியொரு சேர்மானம்; முதல்வர் கதவைச் சாத்திச் சொன்னது உட்பட நான் வீட்டில் சொல்வதெல்லாம் அவளுக்குப் போய்விடும். போன சீசனில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தோம். ஆண்கள் பக்கம் நான் அருவியில் நிற்பதைச் செல்வி தூரத்திலிருந்து படம் எடுத்து அவளுக்கு அனுப்பினாள். வெறும் படத்தை அனுப்பினால் அவள் விடமாட்டாள். கீழே செல்வியே எழுதினாள்: “குற்றாலம் பெரிய அருவி. தண்ணீர் நடுத்தரமாக விழுகிறது. இடமிருந்து மூன்றாவது முதுகு உங்க சாருடையது. வெளியே சொல்ல வேண்டாம்.”

நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது பதில் குரல்பதிவாக வந்திருந்தது. செல்வி ஒலியைக் கூட்டி வைத்தாள்.

“நல்லா எண்ணிப் பாத்துச் சொல்லுங்கக்கா,” என்றது பாத்திமாவின் குரல். “மூணாவதா, நாலாவதா?”